இல்லாத கட்டிக்கு இறக்கிய முடி

திருத்தணியில் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். நான் இழுத்த வயர் தெரியாத தெரு இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன கை இது. அந்தக் கையால்தான் மலையடிவாரத்திலிருந்து கே.ஜி.கண்டிகை வரைக்கும் கேபிள் இழுத்தேன். கம்பம் ஏறும்போது கீழே நின்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு கனெக்‌ஷன் கேட்டு என் வீட்டு வாசலில் நின்றார்கள். இன்றைக்கு பிராட்பேண்டும் என் கையில்தான். இன்ஜினியரிங் படித்த பையன்கள் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறார்கள். நான் கூப்பிடச் சொல்லவில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. என் தங்கை வரலட்சுமியைப் பற்றி. நான் யாரையும் லேசில் பெரிய ஆள் என்று ஒப்புக்கொள்கிறவன் இல்லை. அவளை ஒப்புக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருப்பவள் அவள். வீட்டுக்காரர் ஆதிகேசவன் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு வருஷம் ஆட்டோ இன்ஜின் போய் நின்றுவிட்டது. அவள் யாரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை, அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் வைத்துவிட்டாள். அங்கே உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுகிற பெரிய மனிதர்கள், “பொம்பள வந்து இங்க அடுப்பு பத்த வெக்கறதா?” என்றார்கள். “பத்த வெச்சாச்சு. டீயா காபியா?” என்று கேட்டாள். குடித்தார்கள். இன்றைக்கும் குடிக்கிறார்கள்.

அவளுக்கு முடி இடுப்பைத் தாண்டி இறங்கும். கடையில் நிற்கும்போது கொண்டையாகச் சுற்றி மேலே துண்டைக் கட்டிவிடுவாள். விசேஷ நாளில் அவிழ்த்துப் பின்னினால் ஆதிகேசவன் பின்னாலேயே நடந்து வருவார், ஊரே பார்க்கட்டும் என்று.

போன பங்குனியில் ஆதிகேசவனுக்குத் தலைவலி. மாத்திரைக்கு நிற்காத வலி. ஸ்கேன் எடுத்த இடத்தில் தலைக்குள் கட்டி மாதிரி தெரிகிறது, உடனே சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சென்னை பஸ்ஸுக்கு நின்றபோது வரலட்சுமி மலைப் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். வாய்க்குள் முணுமுணுக்கிற ஆள் இல்லை அவள். நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “முருகா, இவருக்கு ஒண்ணும் இல்லன்னு வரணும். வர்ற ஆடிக் கிருத்திகைக்கு என் முடிய எறக்கிடறேன்” என்றாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டவன்தான்.

சென்னையில் மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். “ஒண்ணும் இல்லம்மா. மொதல்ல எடுத்த படத்துல ஏதோ நிழல் விழுந்திருக்கு. கட்டின்னு ஒண்ணு எப்பவுமே இருந்திருக்காது. இவருக்கு வேண்டியது கண்ணாடி” என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆதிகேசவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஹெட்மாஸ்டர் ஆட்டோ ஓட்டுகிற மாதிரி ஊருக்குள் வந்து சேர்ந்தார்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். அந்தச் சமயம் டிவியில் ‘நேற்று வருவேன்’ என்று ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கேபிள் ஒரு நிமிஷம் நின்றாலும் என் போன் நிற்காது. அப்படி ஒரு தொடர். யாமினி என்று ஒரு பெண். அவள் புருஷன் பஸ் விபத்தில் செத்துவிடுகிறான். பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய தபால் ஆபீஸ் கதவைத் திறந்தால் கடந்துபோன நாளுக்குள் போகலாம் என்று அவளுக்குத் தெரிய வருகிறது. போய், அவன் அந்த பஸ்ஸில் ஏறாமல் தடுக்கப் பார்க்கிறாள். இதில் இன்னொருத்தி. மொட்டைத் தலையோடு ஒரு பெண். பேச மாட்டாள். யாமினி போகிற இடமெல்லாம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். யார் அவள் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

எங்கள் ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை. “இங்க வந்து முடி எறக்கிட்டுப் போனவ. புருஷன் பொழைக்கணும்னு வேண்டிக்கினு இருக்கா, பாத்தாலே தெரியல?” என்றார்கள். மொட்டை என்றால் எங்களுக்கு வேண்டுதல் பலித்த தலை. கைக்குழந்தை முதல் கிழவி வரை சந்தனம் பூசிய தலையோடு மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஜனங்களுக்கு இருந்த ஒரே குறை சந்தனம்தான். “இன்னா தங்கவேலு, உன் நாடகத்துல அந்த மொட்டைக்குச் சந்தனம் தடவ மறந்துட்டானுங்க. வெயில்ல தல காந்தாதா?” என்று என்னிடம் புகார் சொன்னார்கள். நானே எடுக்கிற நாடகம் மாதிரி, சொல்லிவிடுகிறேன் என்று நானும் சொல்லிவைத்தேன்.

சித்திரையில் வரலட்சுமியின் பெண் சுஜாதாவைப் பார்க்க அரக்கோணத்திலிருந்து வந்தார்கள். பையன் அருண்பாண்டியன், ரயில்வேயில் வேலை. அம்மா புஷ்பலதா திருச்சிப் பக்கத்துக்காரர்; ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு அரக்கோணம் வந்தவர். கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அம்மாக்களும் பேசியது பெண்ணைப் பற்றியும் இல்லை, பையனைப் பற்றியும் இல்லை. யாமினியைப் பற்றி.

“அந்த மொட்டைப் பொம்பளையப் பார்த்தாலே டிவிய அணைச்சிடணும் போல இருக்கு அண்ணி. துக்கமே எந்திரிச்சு வந்து நிக்கிற மாதிரி நிக்கிறா” என்றார் புஷ்பலதா.

“துக்கமா? காப்பாத்தறவளே அவதான் அண்ணி” என்றாள் வரலட்சுமி.

ஒருவரையொருவர் பார்த்து, பாவம் இவளுக்கு நாடகம் புரியவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள். தொடர் ஆரம்பிக்கிற நேரம் வந்ததும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். சம்பந்தம் முடிந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தேதி குறித்தாயிற்று.

வேண்டுதல் விஷயத்தை அவர்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு சிலர் கேட்டார்கள். எதற்குச் சொல்ல வேண்டும்? மழை வந்தால் குடை பிடிப்பேன் என்று யாராவது முன்கூட்டி அறிவிக்கிறார்களா? எங்களுக்கு அது அப்படி. அவள் மறைக்கவும் இல்லை, சொல்லவும் தோன்றவில்லை.

ஆனி கடைசியில் புஷ்பலதா முகூர்த்தப் புடவை எடுக்க நாள் பேச வந்தார். நானும் இருந்தேன், தாய்மாமன் இல்லாமல் என்ன பேச்சு. வரலட்சுமி சர்வசாதாரணமாக, “கிருத்திகை அன்னிக்கு மட்டும் வேணாம் அண்ணி. அன்னிக்கு நான் முடி எறக்கணும்” என்றாள்.

புஷ்பலதா தம்ளரைக் கீழே வைத்தார். “யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“ஆடியில மொட்டை போட்டுட்டு ஆவணியில பொண்ணு கல்யாணத்துக்கு நிப்பீங்களா? அந்தத் தலையோடயா?”

“அந்தத் தலையோடதான். வேற தலைக்கு எங்க போவேன்?”

நான் சிரித்துவிட்டேன். புஷ்பலதா சிரிக்கவில்லை. “வெளையாட்டு இல்லை அண்ணி. நான் அரக்கோணம் வந்து பழகிட்டேன், எனக்குப் புரியும். எங்க சனம் திருச்சியிலிருந்து பஸ் வச்சுக்கிட்டு வருது. வாசல்ல மொட்டைத் தலையோட ஒரு பொம்பள குங்குமத் தட்டு வச்சுக்கிட்டு நின்னா அவங்க என்ன நினைப்பாங்க? உங்க வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. உங்களுக்கு எதுக்கு அந்தக் கோலம்? நாடகத்துலயே பாக்குறோமே.” அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. பயம்தான்.

ஆதிகேசவனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். “நானும் அதத்தான் சொல்லிகினு கீறேன். டாக்டரே கட்டி எப்பவுமே இல்லன்னுட்டாரு. இல்லாத கட்டிக்கு இன்னாத்துக்கு முடி? நீயே சொல்லு பாவா” என்று மச்சானான என்னை இழுத்தார்.

நான் வாய் திறப்பதற்குள் வரலட்சுமி கேட்டாள். “எப்பவுமே இல்லாம ஆக்கினது யாரு?”

“ஏய், மொதல்லேர்ந்தே இல்லன்றாரு.”

“ஆங், மொதல்லேர்ந்தே இல்லாம ஆக்கிட்டாரு. அது டாக்டருக்கு எப்படித் தெரியும்? யாமினி பழைய நாளுக்குப் போயி புருஷன ஏற விடாம தடுத்துட்டான்னு வெய்யி. அவன் சாவவே இல்ல. அப்புறம் அந்த ஊர்ல யாரையாவது கேட்டுப் பாரு. அவனா, நல்லாத்தான கீறான், அவனுக்கு இன்னான்னு கேப்பாங்க. அதுக்காக அவ போகவே இல்லன்னு ஆயிடுமா? ஒரு நாடகக்காரிக்கே கதவு தொறக்குது. மல மேல கீறவருக்குத் தொறக்காதா? போன வாரத்துக்குப் போயி எடுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு. நான் கேட்டேன், அவரு செஞ்சாரு. செஞ்சது தெரியாத மாதிரி செஞ்சாருன்னா நான் குடுக்க வேணாமா?”

பெரிய மனிதன் என்ற முறையில் நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் பக்கம் பூமுடி என்று உண்டு. நுனியில் கொஞ்சம் நறுக்கிக் காணிக்கையாகப் போட்டுவிடலாம். பெண்கள் பலர் செய்கிறார்கள், சாமி கோபித்துக்கொண்டதாகக் கேள்வியில்லை.

“முடியக் குடுக்கறேன்னு சொன்னேன் ண்ணா. நறுக்கிக் குடுக்கறேன்னு சொல்லல.”

புஷ்பலதா எழுந்துவிட்டார். “சரி அண்ணி. நீங்க உங்க சாமிக்குச் செய்யுங்க. நாம கல்யாணத்தைத் தை மாசம் வச்சுக்குவோம். முடி வளரட்டும்.” தை என்றால் தையும் இல்லை, எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளிப்போன கல்யாணம் எத்தனை பார்த்திருக்கிறேன்.

அவர் படி இறங்கியதும் சுஜாதா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “என் கல்யாணம் உனக்கு வெளயாட்டா கீதாம்மா? ஆவணி வரைக்கும் உன் சாமி வெயிட் பண்ணாதா?”

“சாமி பண்ணும்டி. நான் பண்ண மாட்டேன்.”

அன்றிலிருந்து அம்மாவும் பெண்ணும் பேச்சில்லை. கடையில் தோசை கேட்டால்கூட என்னை நடுவில் வைத்துக் கேட்டார்கள். ஆதிகேசவன் கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார். அந்த வாரம்தான் ‘நேற்று வருவேன்’ முடிந்தது.

கடைசிப் பகுதி அன்று அவள் வீட்டுப் பெட்டியில் படம் வரவில்லை என்று நானே போனேன். ஆள் அனுப்பியிருக்கலாம். தங்கை வீடு, நானே போனேன். சரிசெய்து கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். யாமினி புருஷன் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறாள். பஸ் போய்விடுகிறது. பிழைத்துக்கொண்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மொட்டைக்காரி நின்று ஒரு தடவை சிரிக்கிறாள். புகை மாதிரி கலைந்து போகிறாள். யாமினி கண்ணாடி முன்னால் நீள முடியில் மல்லிகைப்பூ வைத்துக்கொள்கிறாள். “அங்கே யாரோ நின்ற மாதிரி இருந்ததே” என்கிறான் புருஷன். “யாரும் இல்லை” என்கிறாள். முற்றும். பின்னாலேயே எழுதியவரைக் கூட்டிவந்து பேட்டி. மொட்டைக்காரி வேறு யாருமில்லையாம், புருஷனைப் பறிகொடுத்த யாமினியேதானாம். சோகத்தின் அடையாளமாம். சோகம் தீர்ந்ததும் அவளுக்கு இடமில்லையாம்.

வரலட்சுமி டிவியை அணைத்தாள்.

“யாரும் இல்லையா?” என்றாள். “கதவத் தொறந்தது யாரு? அழுதுகினு ஓடினது யாரு? அவ வரலன்னா இவ எங்கேர்ந்து பூ வெச்சிகினு நிப்பா? வேல முடிஞ்சதும் அவளயே தொடச்சிப் போட்டுட்டு, யாரும் இல்லன்றா.”

“நாடகம்தானம்மா” என்றாள் சுஜாதா. நாலைந்து நாளைக்குப் பிறகு அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை.

“நாடகமா? சென்னையில உங்க நைனாவ ஸ்கேனுக்கு உள்ள தள்ளிகினு போனப்போ அந்த வராண்டாவுல தனியா உக்காந்திருந்தேன் நான். நீ இல்ல, மாமா இல்ல. அவரு இல்லன்னா எப்படி, கடைய எப்போ தொறக்கறது, உன்ன யாரு கட்டிக் குடுக்கறதுன்னு எல்லாத்தையும் அங்கயே வாழ்ந்து பாத்துட்டேன். தாலியக் கூட கையில பிடிச்சிப் பாத்துட்டேன். இப்போ எல்லாரும் ஒண்ணும் நடக்கலன்றீங்க. சரி, நடக்கல. அப்போ அங்க உக்காந்திருந்தவ யாருடி? அவளுக்குன்னு நான் இது கூட செய்யலன்னா அவளும் இப்படித்தான் கலஞ்சி போவா. நான் விட மாட்டேன்.”

அடுத்த நாள் காலையில் சுஜாதா கடையில் என் முன்னாலேயே அருண்பாண்டியனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். என் மருமகள், பேசினால் நாலு பேருக்குக் கேட்கத்தான் பேசுவாள்.

“எங்கம்மா மொட்டையோடதான் வாசல்ல நிப்பாங்க. தேதி மாறாது. உங்க வீட்ல முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் அழுது முடிச்சிட்டு வேலைய பாக்கறேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்லை. நான் அன்னிக்கு அங்கதான் இருப்பேன். அம்மாகிட்ட நான் பேசறேன்” என்றான் பையன். பையன் மோசமில்லை. நான் பார்த்தபோதே சொன்னேன்.

அவன் பேசியதற்குப் பலன், நாலு நாள் கழித்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே தலையில் மாட்டிக்கொள்கிற முடி. புஷ்பலதா சென்னைக்கே போய் வாங்கியது. மொட்டை போடட்டும், கல்யாணத்தன்று மட்டும் இதை மாட்டிக்கொள்ளட்டும். தேதியை மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இதைவிட யார் இறங்கி வருவார்கள், நீங்களே சொல்லுங்கள். எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வரலட்சுமி எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஆதிகேசவன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“அசல் முடிங்க அத்தை” என்றான் பையன், பெருமையாக.

“அதத்தான் பாக்கறேன். எந்தப் பொண்ணு எந்தக் கோயில்ல எறக்கினதோ. புள்ளைக்குக் காய்ச்சல்னு குடுத்தாளோ, புருஷனுக்குன்னு குடுத்தாளோ. அவ சாமிக்குன்னு குடுத்தத நான் எடுத்து மாட்டிகினு, நான் குடுத்தது தெரியாம மறைக்கவா?” பத்திரமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்து அவன் கையில் கொடுத்தாள். “அம்மா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு தம்பி. சாப்ட்டுப் போ.”

அவன் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு ரயில் ஏறினான். புஷ்பலதாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: கல்யாணத்துக்கு வருவோம், ஆனால் அவர் கையால் நான் குங்குமம் எடுத்துக்கொள்ள மாட்டேன். பெண்ணைக் கொடுக்கிறவளின் குங்குமத்தைப் பையனைப் பெற்றவள் வாசலிலேயே தட்டிவிட்டால் அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவாள்? வரலட்சுமிக்கு அது தெரியாதா. ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாளாம், சுஜாதா சொன்னாள். ஆனாலும் தட்டு என் கையில்தான் இருக்கும் என்றாளாம்.

கிருத்திகை அன்று மலைக்குக் கால் வைக்க இடமில்லை. பூக்காவடிகள் தலைக்குமேல் மிதந்து போகின்றன, அரோகரா சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இந்தக் கூட்டத்திலும் எனக்கு வழிவிடுகிறவர்கள் உண்டு. மண்டபத்தில் வரலட்சுமி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முதல் கத்தி விழுந்தபோது ஆதிகேசவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்து அவள் நின்றபோது, சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார். சுஜாதா கேட்டாள், கொடுக்கவில்லை. தானே குழைத்து அவள் தலையில் பூசினார். காதுக்குப் பின்னால், பிடரியில், ஒரு இடம் விடாமல். “எரியுதா?” என்று கேட்டார். “ஜில்லுன்னு கீது” என்றாள். அதற்குப் பிறகு இல்லாத கட்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

கல்யாண மண்டபம் நான் பேசியது. சாப்பாடும் நான் சொன்ன ஆள்தான். அதை விடுங்கள். வாசலில் வரலட்சுமி நின்றாள், பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, காலையில் புதிதாகப் பூசிய சந்தனத் தலை. கையில் குங்குமம், கற்கண்டுத் தட்டு. பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு ஆதிகேசவன். எங்கள் சனம் எல்லாம், “எறக்கிட்டியா வரலட்சுமி, நல்லா பளபளன்னு கீது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனது.

திருச்சி பஸ் வந்தது. முன்னால் புஷ்பலதாவின் சித்தி தாயாரம்மாள், வயதான அம்மா. பின்னாலேயே புஷ்பலதா, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. தாயாரம்மாள் வரலட்சுமியின் தலையைப் பார்த்தார். குங்குமத் தட்டைப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டார். ரகசியமாகச் சொல்வதாக நினைத்து, “அடப் பாவமே, வீட்டுக்காரர் எப்பம்மா தவறினாரு?” என்று கேட்டார். மேளக்காரன் வரைக்கும் கேட்டது.

“நான் இங்கதாம்மா கீறேன். பன்னீர் தெளிக்கட்டுமா?” என்றார் ஆதிகேசவன்.

தாயாரம்மாள் அவரைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். “என்னடி புஷ்பா இது? புருஷன் பக்கத்துல நிக்கிறாரு, இவ ஏன் இப்படி நிக்கிறா?”

இரண்டு வீட்டுச் சனமும் புஷ்பலதா முகத்தைப் பார்த்தது. அவர் அப்போது ஒரு வார்த்தை மாற்றிப் பேசியிருந்தால் என் தங்கை அந்த வாசலிலேயே ஒன்றுமில்லாமல் போயிருப்பாள். வரலட்சுமி தட்டைத் தாழ்த்தவில்லை. புஷ்பலதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு பக்கத்துல நிக்கிறாருன்னுதான் சித்தி அவங்க இப்படி நிக்கிறாங்க” என்றார் புஷ்பலதா, எரிச்சலோடு. “அது வேண்டுதல். இந்த ஊர்ல இப்படித்தான். எடுத்துக்குங்க, பின்னாடி கூட்டம் நிக்குது.” சிரிக்கவில்லை. சொல்லிவிட்டுத் தானே கையை நீட்டிக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தாயாரம்மாள் நகரவில்லை. “வேண்டுதலா? அப்ப அவருக்கு என்னம்மா நோவு?”

“ஒரு நோவும் இல்லீங்க.”

“நோவே இல்லாததுக்கு எதுக்கு மொட்டை?”

“அதுக்குத்தாங்க” என்று சொல்லி, வரலட்சுமி தன் விரலாலேயே அந்த அம்மாளுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, அடுத்தவருக்குத் தட்டை நீட்டினாள்.